ஆள் கூடினால் பில் கூடும்

எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டு வந்த பிறகும் மீட்டரின் சிவப்பு விளக்கு படபடவென்று கண்ணடித்துக்கொண்டிருந்தது.

அவள் மறுபடி உள்ளே போனாள். ஃபேன், ஃப்ரிட்ஜ், மோட்டார், படுக்கையறை ஏசி, சுவரில் தொங்கிய சார்ஜர் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வீடு பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

திரும்பி வந்தாள். விளக்கு அதே வேகத்தில் துடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயில். மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டி முன்னால் நின்றவளுக்கு முதுகில் வியர்வை கோடாக இறங்கியது. கணவன் குளியலறையில் சவரம் செய்துகொண்டிருந்தான். பகலில் விளக்குப் போட்டால் குடி முழுகிவிடும் என்பது அவன் போட்ட சட்டம். ஜன்னல் வெளிச்சத்திலேயே முகத்தை வழித்துக்கொண்டிருந்ததால், வீட்டில் எல்லாம் அணைந்து கிடப்பது அவனுக்குத் தெரியவில்லை.

மருந்துக்கடையில் அவளோடு வேலை பார்க்கும் தோழிதான் இந்த வழியைச் சொல்லிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடினால், ஓட்டை உன் வீட்டில் இல்லை என்றாள்.

இதற்கு மேல் எதைத்தான் மிச்சம் பிடிப்பது?

வாஷிங் மெஷினை மூடிவைத்து, துணியைக் கையால் துவைத்தாயிற்று. இஸ்திரிப் பெட்டிக்கு ஓய்வு கொடுத்து, சேலையை மெத்தைக்கடியில் மடித்து வைத்தாயிற்று. பல்பையெல்லாம் மாற்றியாயிற்று. ஏசி ரிமோட் கணவனின் சட்டைப்பையிலேயே குடியேறிவிட்டது. படுத்ததும் கொஞ்ச நேரம் போடுவான், அதுவும் இருபத்தேழில், கதவிடுக்கில் பழைய போர்வையைத் திணித்து.

பில் மட்டும் இம்மியும் இறங்கவில்லை. அது போனது அவள் சம்பளத்திலிருந்து.

மாடியில் கணவனின் அண்ணன் குடும்பம். அவர்களுக்குத் தனி மீட்டர். பகலெல்லாம் அங்கே ஏசி ஓடும். ஆனாலும் அவர்கள் பில் கீழ்வீட்டு பில்லில் பாதிகூட வராது. அண்ணியைப் பார்த்துக் குடும்பம் நடத்தக் கற்றுக்கொள் என்று ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு பாட்டு விழும்.

அவளும் நம்பித் தொலைத்தாள். மானத்தை விட்டு மாடிக்கே போய், எப்படி அக்கா சமாளிக்கிறீர்கள் என்று யோசனை கேட்டாள். ஓரகத்தி கொஞ்சமும் கூசவில்லை. ஏசி ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டுமாம்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அப்பா விஷயம்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து, புண் ஆறும்வரை மகள் வீட்டில் இருக்கலாமென்று வந்தவர். முன்னறையில் அவருக்கு ஒரு கட்டில், ஒரு ஃபேன். ஏசி காற்று அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

பில் வந்த அன்று, அவர் தட்டில் கை வைத்த நேரம் பார்த்து, கணவன் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

"ஆள் கூடினா பில்லும் கூடத்தானே செய்யும்."

அப்பா நிமிரவில்லை. சாப்பிட்டு முடித்தார். தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார்.

அன்றிலிருந்து அவர் ஃபேன் போடவில்லை. பனியன் முதுகோடு ஒட்டிக் கிடக்க, இதே மீட்டர் பெட்டிப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பரால் விசிறியபடி பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தார். புண் சரியாக ஆறும் முன்னே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தான் தனியாகக் குடியிருக்கும் அறையில் காற்று பிய்த்துக்கொண்டு வரும் என்றார். அந்த அறைக்குத் தகரக் கூரை. இருந்த ஒரே ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அவர் போன பிறகு வந்த பில்லும் குறையவில்லை. கணவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அவள் மெயின் ஸ்விட்ச்சைப் பிடித்து ஒரே இழுப்பாக இறக்கினாள்.

சிவப்பு விளக்கு நின்றது.

தலைக்கு மேலே உறுமிக்கொண்டிருந்த மாடி ஏசியும் நின்றது.

பால்கனியிலிருந்து ஓரகத்தியின் குரல் உரிமையோடு இறங்கி வந்தது.

"தம்பி! திரும்பவும் உங்க மெயின் விழுந்துடுச்சு போல. கொஞ்சம் தூக்கி விடுங்க!"

திரும்பவும். உங்க மெயின்.

கணவன் பாதி முகத்தில் நுரையோடு ஓடி வந்தான். மெயினை நோக்கி நீண்ட கை, அவளைக் கண்டதும் அந்தரத்தில் நின்றது.

"அண்ணன் ரூம்ல வெயில் நேரா அடிக்கும்..." என்று இழுத்தான்.

வெயில்!

உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை அவளுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. நாக்கு நுனிக்கு வந்ததையெல்லாம் பல்லைக் கடித்து நிறுத்தினாள். அவனிடம் பேச இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது. முதலில் சொல்ல வேண்டிய ஆள் வேறு.

ஒரு கையால் மெயினை அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் குரலைக் கேட்டதும் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

"அப்பா, வீட்டு மெயினை எறக்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

அந்தப் பக்கம் பேப்பர் விசிறும் சத்தம் நின்றது.

பிறகு அப்பா மெல்லக் கேட்டார்:

"மேல நின்னுடுச்சாம்மா?"