இரு கைகளையும் உயர்த்தி

"கேட்டைத் திறக்க முடியாது, பாஸ்டர். உள்ளே விட்டா நாமளும் கலவரக்காரங்கன்னு ஆயிடும்," என்றார் சபைச் செயலாளர். ஆலயத்தின் சாவிக்கொத்து அவர் கைக்குள் பத்திரமாக இருந்தது.

வெளியே கண்ணீர்ப்புகை. குடிசைகளை இடிப்பதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் விரட்டி வந்து ஆலயச் சுவரோரம் மடக்கியிருந்தது. கேட்டை யாரோ விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே, பெஞ்சுகளுக்கு முன்னால் மேஜை போட்டு, அவசரக் கமிட்டி நடந்துகொண்டிருந்தது.

"சின்னப் பிள்ளைங்களும் நிக்குதுங்க, அண்ணே," என்றாள் கமிட்டியில் இருந்த நர்ஸ்.

"ஊர்வலத்துக்குப் பிள்ளைங்களை யாரும்மா கூட்டிட்டு வரச் சொன்னது? நமக்குக் குடியுரிமை பரலோகத்துல. இந்தத் தெருச் சண்டை நமக்கெதுக்கு?"

"அங்க போற வரைக்கும் இங்கதானே அண்ணே ஓட்டுப் போடறோம்?"

செயலாளருக்குச் சுருக்கென்றது. "போன மாசம்தான் புதுக் கம்பளம் போட்டிருக்கு. ரத்தக் கறை போகுமா? நீ வந்து துவைப்பியா?"

போதகர் மெல்லக் கனைத்தார். "ஐயா சொல்றதுதான் சரி. நம்மால முடிஞ்சது ஜெபம்தான். நீங்களே பண்ணுங்கய்யா. அவசரமில்லை, நிதானமாப் பண்ணுங்க."

நர்ஸ் போதகரை முறைத்தாள். இவருமா இப்படி?

செயலாளர் குளிர்ந்துபோனார். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் சமையலையே முடித்துவிடலாம் என்று அவர் மனைவியே சொல்வாள். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். இரண்டு கைகளையும் உயர்த்தாமல் அவருக்கு ஜெபம் வராது. கண்களை இறுக மூடிக்கொண்டார்.

ஜனாதிபதியில் ஆரம்பித்து அமைச்சர்கள், நீதிபதிகள், தளபதிகள் என்று பதவி வரிசை பிசகாமல் வேண்டினார். போலீஸாருக்காக வேண்டினார். அவர்களுடைய குதிரைகளையும் விட்டுவைக்கவில்லை.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முழங்கால் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று மகிழ்ந்தார். யாரோ விசும்பினார்கள். நர்ஸ் மனம் திரும்பிவிட்டாள் என்று குரலை இன்னும் ஏற்றினார். நடுவே இருமல்தான் கொஞ்சம் எரிச்சல் மூட்டியது. கேட்டைத் தட்டும் சத்தம் நின்றே போயிருந்தது. தன் ஜெபத்தின் வல்லமையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

கடைசியில்தான் வெளியே நிற்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். "இந்த ஏழை ஜனங்களுக்கும் ஒதுங்க ஒரு இடத்தை நீரே காட்டும், ஆண்டவரே. ஆமென்."

"ஆமென்!"

கமிட்டியில் இருந்தது நாலைந்து பேர்தான். பதிலோ கூரை அதிர வந்தது. செயலாளர் கண்ணைத் திறந்தார்.

பெஞ்சுகளில், நடைவழியில், புதுக் கம்பளத்தில், எங்கே பார்த்தாலும் ஆட்கள். கமிட்டி மேஜையின் விரிப்பைக் கிழித்து ஒருவனின் நெற்றியில் கட்டிக்கொண்டிருந்தாள் நர்ஸ்.

சாவிக்கொத்தோடு மூச்சிரைக்க வந்த போதகர், செயலாளரின் காதருகே குனிந்தார்.

"ஐயா, இன்னொரு ஜெபம் பண்ணுங்களேன். பின்சந்துல இன்னும் கொஞ்சம் பேர் நிக்கறாங்க."