பருப்புத் தோல் ஒத்திகை

ஒரு குக்கர் மூடியில் விசில் குண்டும் சேஃப்டி வால்வும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. குண்டின் விசிலை வீடே எண்ணும். வால்வை யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

"ரெண்டு வருஷமா சும்மாவே உட்கார்ந்திருக்கியே தங்கச்சி, அலுக்கலையா?" என்றது குண்டு.

"சும்மா இல்லை அண்ணே. உங்க தொண்டையில பருப்புத் தோல் அடைக்கிற நாளுக்கு மனசுக்குள்ளே ஒத்திகை பார்க்கிறேன்."

"அது ஆயிரத்துல ஒரு நாள். அதுவரைக்கும் காத்திருப்பியா?"

"தினமும் ஒத்திகையைக் குக்கர் அடியிலேர்ந்து ஆரம்பிச்சாத்தான் ஆயிரம் நாள் ஆகும். நேத்து ஒத்திகையில ஒரு தோல் மூடிவரைக்கும் ஏறி விழுந்தது. இன்னிக்கு ஒத்திகையை மூடியிலேர்ந்தே ஆரம்பிச்சேன், தோல் உங்க விசில் குழாய் வாசலுக்கு வந்தாச்சு. நாளைக்கு அந்த வாசல்லேர்ந்து."

"நடக்காததுக்கு இத்தனை பாடா," என்று குண்டு சிரித்தது.

"மூச்சு இருக்கிறவரைக்கும் சிரிங்க," என்றுவிட்டு, வால்வு ஒத்திகையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பருப்பு கொதித்துக்கொண்டே இருந்தது, விசில் வரவில்லை.

"இதோ, இப்போ வந்துடும்," என்று குண்டு திணறியது.

வால்வுக்கு இந்த இடம் மனப்பாடம். சூட்டில் உருகி ஆவிக்கு வழி திறந்தால் தன் ஆயுள் அத்தோடு சரி என்பதும் தெரியும்.

"போதும் அண்ணே, வழியை விடுங்க," என்றது, உருகியது. பருப்பு கூரைக்குப் போனது. அடுப்பெதிரே நின்றவளுக்கு ஒரு கீறல் இல்லை.

மறுநாள் புது வால்வு வந்தது. "எனக்கு இங்கே என்ன வேலை?"

குண்டு தொண்டையைச் செருமிக்கொண்டது. "தோல் குழாய் வாசலுக்கு வந்தாச்சுன்னு வெச்சுக்கோ. அங்கேர்ந்து ஆரம்பி."