ஆறாவது வளையம்

பழைய கொட்டகைச் சுவரிலிருந்த முதல் இரும்பு வளையத்துக்கு மேல், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஜெயராஜ் சுண்ணாம்புக் கட்டியால் ‘சடையன்’ என்று எழுதினார்.

“பெரிய காளையோ?” என்று கேட்டார்.

“முரட்டுப் பலம்ங்க. ரெண்டு தடவ அத்துக்கிட்டு ஓடுனான். புடிச்சிட்டு வந்துட்டாங்க,” என்றாள் வடிவம்மாள்.

மலாயாவில் சுங்கை பாக்காப் பக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டன. இடிக்க நாள் குறித்திருந்த அந்தக் கொட்டகையைப் பினாங்கிலிருந்து வந்த வெள்ளைக்கார அம்மாள் பார்த்துவிட்டாள். இவ்வளவு பழைய மாட்டுக்கொட்டகை வேறெங்கும் இல்லை, ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கக்கூடாது என்று தோட்டத் துரையிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டாள். ஒவ்வொரு வளையத்துக்கு மேலும் அங்கே கட்டியிருந்த மாட்டின் பெயரைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டுமாம்.

கரும்புக் காலத்து ஆளாகத் தோட்டத்தில் மிஞ்சியிருந்தது வடிவம்மாள் ஒருத்திதான். அவளும் திங்கட்கிழமை கப்பலேற வேண்டியவள். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து வேலைக்கு ஆகாதவர்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இடது கால் இழுக்கும். இப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக முடியவில்லை. நாகப்பட்டினத்தில் இறங்கினால் அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

“ஆறு பேரையும் சரியா சொல்லு. கொட்டாயக் கூட்டிப் பெருக்கிக்கிட்டு நீ இங்கயே படுத்துக்கலாம். தொர ஒத்துக்கிட்டாரு,” என்றார் ஜெயராஜ்.

அவள் ஒவ்வொரு வளையமாக நின்று நின்று சொன்னாள். மூக்கன். செவத்தான். காத்தான். ஐந்தாவதில் காத்தாயி என்றபோது குரல் அடங்கிப்போயிற்று. நல்ல பால் மாடாக இருந்திருக்கும் என்று ஜெயராஜ் நினைத்துக்கொண்டார்.

வளையங்கள் எல்லாம் கணுக்கால் உயரத்திலேயே இருந்தன. குனிந்து குனிந்து எழுதியதில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“வண்டி மாட்ட இவ்வளவு கீழயா கட்டுவானுங்க?” என்று முனகினார்.

அவள் காலை இழுத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

கடைசி வளையம் மற்றவற்றில் பாதிதான் இருந்தது.

“இது கன்னுக்குட்டிக்குப் போல. அதோட பேரு ஞாபகம் இருக்கா?”

வடிவம்மாள் கொஞ்சம் தயங்கினாள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. இடது காலை மெல்ல நகர்த்தி அந்த வளையத்தின் அருகில் வைத்தாள்.

“வடிவு. அப்ப எனக்கு ஏழு வயசுங்க.”