புள்ளி வைத்த இடம்

“முதல்ல இந்த வெள்ளைய எடும்மா. கண்ணக் குத்துது.”

கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து வந்த பெண் இரண்டு தட்டுத் தட்டினாள். திரை கறுப்பாகி, எழுத்தெல்லாம் வெள்ளையானது. அது இன்னும் மோசம்; எழுத்துகள் ஓரத்தில் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அந்த அச்சகத்தில் அவரைப் ‘புள்ளி சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவர். ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போனால், டைப் அடித்தவரை எதிரே நிற்கவைத்து அரை மணி நேரம் பேசுவார். மேனேஜரே எழுதியதானாலும் அவர் பார்க்காமல் ஒரு காகிதம் வெளியே போகக் கூடாது என்பது அங்கே சட்டம்.

அந்தப் புள்ளிதான் இப்போது தெரிவதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ‘ரு’வும் ‘ற’வும் இரட்டைப் பிள்ளைகளாக நின்றன. போன மாதம் ஒரு பெரிய மனிதரின் பிறந்தநாள் மலரில் ‘என்றும் நம்மோடு இருப்பார்’ என்பது ‘என்றும் நம்மோடு இறப்பார்’ என்று அச்சாகிவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிப் பார்த்தார். மேனேஜர் சிரிக்கவில்லை, அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

கண் டாக்டரும் கையை விரித்துவிட்டார். இதற்கு மேல் கண்ணாடி கிடையாதாம். ஐம்பத்தாறு வயதில், கண் மங்கிப்போன பிழைதிருத்துபவரை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? இந்த நாற்காலி போனால் அதோடு எல்லாம் போயிற்று என்று அவருக்குத் தெரியும். மனைவியிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

எழுத்தையும் நிறத்தையும் மாற்றித் தரச் சொல்லி ஆறு மாதத்துக்கு முன்பே மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருந்தார். கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. இன்று அதற்கு ஆள் வந்திருக்கிறது என்றால், மேனேஜர் மனம் இளகிவிட்டார் என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் நினைத்துக்கொண்டார்.

“எதையாவது திறந்து வெச்சுப் பாத்தாதான் சார் சரியாத் தெரியும்,” என்றாள் அந்தப் பெண். “மேனேஜர் ரூம்லருந்து உங்களுக்கு ஒரு லெட்டர் திருத்த வந்திருக்கு. அதையே திறக்கட்டுமா?”

திறந்தாள். மெல்லிய எழுத்தில் புள்ளிகள் தூசியாகிப்போயின. தடித்த எழுத்தில் எழுத்தோடு அப்பிக்கொண்டன. பச்சை, நீலம், சாம்பல் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் உதட்டைப் பிதுக்கினார். எட்டாவதோ ஒன்பதாவதோ மாற்றியபோது, பழைய காகிதத்தின் மங்கிய மஞ்சளில் கரும்பழுப்பு எழுத்துகள் பெரிதாக, நல்ல இடைவெளியோடு வந்து நின்றன. ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாகத் தெரிந்தது.

“இது போதும்மா,” என்றார்.

அவள் போன பிறகுதான் கடிதத்தைப் படித்தார். ‘அன்புள்ள’ என்பதற்குப் பக்கத்தில் பெயர் இல்லை. வெறும் புள்ளிகளாக வைத்திருந்தது. இருபத்தாறு வருட உழைப்புக்கு நன்றி என்றும், இந்த மாதத்தோடு பணியிலிருந்து விடுவிக்கிறோம் என்றும் இருந்தது.

பைண்டிங் பிரிவுக்காரருக்குத்தான் இந்தக் கடிதம், வேறு யாருக்கு? அவரும் இவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கை நடுக்கத்தில் அவர் நூறு புத்தகத்துக்கு அட்டையைத் தலைகீழாக ஒட்டியது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த கதை. கத்தி தன் கழுத்துக்கு வரவில்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது. அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது.

பாவம், போகிற மனிதர் கையில் கொடுக்கிற கடிதமாவது சுத்தமாக இருக்கட்டும் என்று வரி வரியாகப் பார்த்தார். ‘இருதி’யை ‘இறுதி’ ஆக்கினார். கடைசியில் ‘நன்றியுடன’ என்று மொட்டையாக நின்றதற்குப் புள்ளி வைத்தார். ஆறு மாதத்தில் இவ்வளவு சுலபமாக அவர் எதையும் படித்ததில்லை. சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

மேனேஜர் வந்து இவருடைய அறை வாசலில் நின்றார்; உள்ளே வரவில்லை.

“இப்ப நல்லாத் தெரியுதா?”

“பளிச்சுன்னு தெரியுது சார். இனிமே ஒரு புள்ளி தப்பாது. உங்க லெட்டரையும் திருத்திட்டேன், பேரு மட்டும்தான் பாக்கி.”

மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அந்தப் புள்ளி வெச்ச இடத்துல உங்க பேரப் போட்டுக்குங்க சார்.”