முன்னால் பார்க்கிற சீட்

காரில் குழந்தைக்குப் போடுகிற சீட்டுகளில் மூன்றாவதையும் பூர்ணிமா ஒதுக்கித் தள்ளினாள்.

"பட்டையில ஒரு இடத்துல தையல் விட்டுப்போயிருக்கு, பாய். பாருங்க."

கடைக்காரர் அஹமது பாஷா நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். விட்டுத்தான் போயிருந்தது. ஒரே ஒரு தையல்.

"ஆம்பூர்ல கடை வெச்சது என் தப்பும்மா. வர்றவங்க பாதிப் பேரு ஷூ கம்பெனி செக்கரு. ஒரே பேஜாரு."

அக்கா ஷர்மிளா சிரித்துவிட்டாள். பூர்ணிமா சிரிக்கவில்லை.

ஒன்பது வருஷமாக ஷூ கம்பெனியில் அவளுக்கு ஃபைனல் செக்கிங். கண்ணில் குறை பட்டதுமே, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட்டு அடுத்த ஜோடிக்குப் போகிற கை. குறையைத் தேட வேண்டியதே இல்லை, அதுவாக வந்து கண்ணில் விழும்.

இன்றைக்குத்தான் தேடினாள். கடையில் இருக்கிற ஒவ்வொரு சீட்டிலும் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். அக்கா வெறுங்கையோடு ஓசூர் திரும்ப வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாமாவும் காரில் வந்து போவார்கள். கூடவே பரணி. அவனுக்கென்று காரில் ஒரு சீட், பின்பக்கம் பார்த்து உட்கார்கிற மாதிரி. கைக்குழந்தையிலிருந்து அப்படித்தான் வருகிறான், போகிறான். இப்போது மூன்றரை வயது.

"காலை எங்கடீ வெப்பான்? முட்டி வலிக்குதுன்றான். இனிமே ரோட்டைப் பாத்து உக்காரட்டும்" என்றாள் அக்கா.

"பதினெட்டு கிலோ வரைக்கும் பின்னாடி பாக்கறதுதான் சேஃப்டின்னு பொட்டியிலயே போட்டிருக்கு, அக்கா. இவன் இன்னும் பதினாலரையத் தாண்டல."

"எப்ப நிறுத்துப் பாத்த?"

"தூக்குனா தெரியாதா?"

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அக்கா, பூர்ணிமாவின் இடுப்பில் இருந்த பரணியை மெதுவாக வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பாஷா நான்காவது பெட்டியைப் பிரித்தார்.

சாம்பல் நிறம். பூர்ணிமா பட்டையை இழுத்துப் பார்த்தாள். தையல் மேல் நகத்தை ஓட்டினாள். கொக்கியை மாட்டிக் கழற்றி, மறுபடி மாட்டினாள். துணியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

பரணி அக்காவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி அதில் ஏறி உட்கார்ந்தான்.

"சித்தி, பெல்ட்டு போடு."

போட்டாள். தோளில் பட்டை அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவன் இரண்டு கால்களையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, "கால் ஆடுது!" என்று கத்தினான்.

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். பொய் சொல்ல ஒரு வார்த்தை போதும். செக்கர் சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஆனால் நல்ல சரக்கை ரிஜெக்ட் என்று சொல்ல ஒன்பது வருஷத்தில் அவள் வாய் பழகவில்லை.

"பாஸ்" என்றாள்.

அதுவரை வாசலில் நின்றிருந்த மாமா போனைப் பையில் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். பழைய சீட்டைக் கழற்றிக் கடை வாசலில் வைத்தார். மடிப்பெல்லாம் பிஸ்கட் தூள். புதியதை ரோட்டைப் பார்க்கிற மாதிரி இறுக்கிக் கட்டினார். பரணி உட்கார்ந்ததும், எதிரே தெரிந்த லாரிகளை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

"நேரா பைபாஸ்ல ஏறிடறோம். நீ ஷேர் ஆட்டோல போய்டுவ இல்ல?" என்றார் மாமா.

"போய்டுவேன், மாமா."

பின்கண்ணாடியைப் பார்த்தபடி நின்றாள். மூன்று வருஷமாக அவளுக்கென்று இருந்தது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். கார் கிளம்பியதும், பின்சீட்டுக்கு மேலே இரண்டு கண்ணும் ஒரு குட்டிக் கையும் தெரியும். தெரு முனை திரும்புகிற வரைக்கும் அவன் அவளையே பார்த்துக்கொண்டு போவான். அதை வைத்துக்கொண்டுதான் அவள் அடுத்த மாதம் வரை ஓட்டினாள்.

இன்று அங்கே சாம்பல் நிற முதுகு ஒன்று தெரிந்தது.

மாமா வண்டியைக் கிளப்பினார். அக்கா ஜன்னலை இறக்கினாள். குரலையும்.

"பொட்டியில போட்டிருக்கறத நானும் படிச்சேன், பூர்ணி. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேலயே பின்னாடி பாத்து உக்காந்திருக்கலாம். ஆனா இங்கேர்ந்து கிளம்புனா நாட்றம்பள்ளி தாண்டற வரைக்கும் பின்னாடியே பாத்து அழறான். மாசா மாசம் இதேதான். என்னால பாக்க முடியல."

கார் நகர்ந்து பைபாஸில் ஏறியது.

பூர்ணிமாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வர வழியில்லாமல் அவளே அடைத்து வைத்திருந்தாள்.

தனக்குப் பிரசவம் ஆகி முப்பதாம் நாள், தொட்டில் போட்ட அன்று, பத்து வருஷமாகப் பிள்ளையில்லாத அக்காவின் மடியில் அவனை வைத்தபோது அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவன அழ மட்டும் விட்டுடாத, அக்கா."