டம்ளர் யாருது?

தங்கச்சி வீட்டுக்குள் நுழைந்ததுமே பலராமன் கேட்டார். "அன்னக்கிளி, உம் புருஷன் டம்ளர் எது? மாத்திக் கீத்திக் குடுத்துடாத."

"எச்.ஐ.வி. டம்ளர்லல்லாம் ஒட்டாதுண்ணே. அவரு பத்து வருஷமா ஒரு வேளை மாத்திரை தவறினதில்ல. டெஸ்ட்ல கிருமியே தெரியலன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"டாக்டருக்கென்ன, அவரா இங்க வந்து குடிக்கிறாரு?" என்றார், தன் சர்க்கரை மாத்திரையை நாள் கிழமைக்கு மட்டும் போடும் பலராமன்.

கையோடு கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். தேங்காய்த்திட்டு துறைமுகத்து வஞ்சிரம் மீன் குழம்பு. மூன்று தடவை குழம்பு ஊற்றச் சொல்லி, விரலையும் நக்கினார்.

"அப்படியே அம்மா கைப்பக்குவம், அன்னக்கிளி!"

"நான் எங்கண்ணே சமைச்சேன்? இப்பத்தான ஆபீஸ்லேர்ந்து வந்தேன்."

அடுப்படியிலிருந்து அவள் புருஷன் கலைவாணன் கரண்டியோடு வந்தான்.

"டம்ளர் யாருதுன்னு கேட்டீங்க மச்சான், குழம்பு யாருதுன்னு கேக்கலியே! இன்னொரு கரண்டி ஊத்தட்டா?"