ஆறு வருஷம், ரெண்டு மாசம்

"ஆறு வருஷம் ரெண்டு மாசந்தான் கட்டியிருக்கீங்க. பென்ஷன் வராது," என்றார் பென்ஷன் ஆபீஸ் கவுன்டரில் இருந்த அம்மா. கடையில் சில்லறை இல்லை என்று சொல்வார்களே, அந்தக் குரல்.

அட்டைப்பெட்டி கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் பசை மிஷின் ஓட்டியவருக்கு இதுதான் பதில். பசை காய்ந்து காய்ந்து விரலில் ரேகையே அழிந்துபோன கையை அவர் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினார்.

"நல்லா பாருங்க மேடம். இந்த மாசக் கடைசியில ரிட்டயர் ஆகுறேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்."

"சர்வீஸ் உங்க கம்பெனி கணக்கு. எங்களுக்குப் பணம் கட்டின வருஷந்தான் கணக்கு. குறைஞ்சது பத்து வருஷம் வேணும்."

"இல்லன்னா?"

"கட்டின பணம் மொத்தமா கைக்கு வரும். மாசாமாசம் ஒண்ணும் வராது."

எவ்வளவு என்று கேட்டார். அந்த அம்மா சொன்ன தொகை எட்டு மாச வாடகைக்குக் காணும். அதற்கப்புறம்? வீட்டில் தினமும் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் மனைவி. பிள்ளை குட்டி கிடையாது.

பக்கத்தில் நின்ற கம்பெனி மேஸ்திரி தோளில் தட்டினார். "நாந்தான் அப்பவே சொன்னேனேடா, இங்க வந்து அலையறது வெட்டி வேலைன்னு. வா, போகலாம்."

மேஸ்திரிக்கும் இதே மாசம்தான் ஓய்வு. வரமாட்டேன் என்றவரைப் பசை மிஷின்காரர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். ரெண்டு பேர் காகிதங்களும் அவர் பையில்தான் இருந்தன.

"இருங்கண்ணே. இது அந்தப் 'பிடித்தம்' பய வேலை. எங்க பணத்தை முழுங்கிட்டான் மேடம்."

'பிடித்தம்' என்பது கம்பெனியின் பழைய சம்பள கிளார்க்குக்குத் தொழிலாளிகள் வைத்த பேர். பென்ஷனுக்கென்று சம்பளத்தில் பிடிக்கிறவர் அவர்தானே.

அந்த அம்மா எதையோ தட்டிப் பார்த்தார். "யாரும் முழுங்கலை. பிடித்தம் வேண்டாம்னு நீங்களேதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க, இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி. அப்ப அதுக்கு இடம் இருந்துச்சு. பத்தொன்பது பேர் சேர்ந்து கொடுத்த லெட்டர். முதல் கையெழுத்தே உங்களோடது."

"ஆமா, போட்டேன். ஆனா அது எங்க பங்கு மட்டுந்தானே மேடம்? கம்பெனி அது பங்கைக் கட்டிக்கிட்டே இருக்கும்னு சொன்னாங்களே."

"உங்க பங்கு நின்னா கம்பெனி பங்கும் நிக்கும். லெட்டர்லயே இருக்கு. படிக்காமயா கையெழுத்து போட்டீங்க?"

"எனக்குப் படிப்பு அவ்வளவா வராது. இந்த அண்ணன்தான் படிச்சுச் சொன்னாரு."

சொல்லிவிட்டுத் திரும்பினால் மேஸ்திரியின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பசை மிஷின்காரருக்குச் சங்கடமாகிவிட்டது.

"அண்ணனைக் குத்தம் சொல்லலை மேடம். பாவம், அவரும் எங்களை மாதிரி ஏமாந்தவர்தான்."

"அந்த கிளார்க் ஒண்ணும் சொல்லலையா?"

சொல்லாமல் என்ன! மிஷின் மிஷினாக வந்து, "போடாதீங்கய்யா, வயசான காலத்துச் சோறு இது" என்று கெஞ்சினார். யார் கேட்டது? "அறுபது வயசு வரைக்கும் இருப்போம்னு யாருடா கண்டது? கைக்கு வர்ற காசை விடாதீங்க" என்று மேஸ்திரி சொன்னதுதான் எல்லாருக்கும் இனித்தது. அதோடு விட்டார்களா? கிளார்க்கின் நாற்காலியில் பசையைத் தடவி, அவர் எழுந்திரிக்க முடியாமல் தவித்ததைக் கும்பலாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பசை யார் மிஷினிலிருந்து போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"சொன்னாரு," என்றார் பசை மிஷின்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

பிறகு அவரே மேஸ்திரிக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தார்.

"விடுங்கண்ணே. உங்களுக்கும் எனக்கும் ஒரே கதி. ரெண்டு பேருமா எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்குப் போவோம். உங்களுக்கு மூட்டு வலி, நீங்க பகல்ல பாருங்க. நான் ராத்திரி பாத்துக்கறேன்."

மேஸ்திரி வாசல் பக்கம் பார்த்தார். "பஸ் போயிடும்டா."

"அடுத்த பஸ்ல போவோம். வந்தது வந்தாச்சு, உங்களோடதையும் பாத்துடலாம். எத்தனை மாசம் கட்டியிருக்குன்னாவது தெரியுமில்ல." பையிலிருந்து மேஸ்திரியின் காகிதத்தை எடுத்து உள்ளே தள்ளினார்.

"எனக்கு வேண்டாம் மேடம்," என்றார் மேஸ்திரி, அவசர அவசரமாக.

அந்த அம்மா அதற்குள் எண்ணைத் தட்டி முடித்திருந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"இவருக்கு முழு பென்ஷன் சார். முப்பத்து மூணு வருஷம். ஒரு மாசம்கூட விடாம கட்டியிருக்கார்."

பசை மிஷின்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஆள் மாத்திப் பாக்கறீங்க மேடம். அண்ணனும் அதே லெட்டர்ல கையெழுத்து போட்டவர். என் கண்ணால பாத்தேன். நாங்க எல்லாரும் போட்டு முடிச்சதும் கடைசியா போட்டாரு."

அந்த அம்மா லெட்டரைத் திரையில் பெரிதாக்கி அவர் பக்கம் திருப்பினார்.

"போட்டிருக்கார். சாட்சின்னு போட்டிருக்கார். கம்பெனி ரெக்கார்டுப்படி அதுக்கு அடுத்த மாசந்தான் இவரை மேஸ்திரி ஆக்கியிருக்காங்க."